பள்ளிப் பெயரை மறைத்தால் மட்டும் போதாது

கல்விச் சமவாய்ப்பு பற்றி மாநாட்டில் கட்டுரை படைக்கப் போகிறீர்களா? ஸ்லைடில் ‘பள்ளி அ’ என்று போட்டுவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள். மலேசியாவில் 150 மாணவர்களுக்குக் கீழ் இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். மாவட்டம், தோட்டம், ‘மொத்தம் 23 பேர்’ மூன்றும் சேர்ந்து வந்தால், கோலாலம்பூர் அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ஒருவர் தேநீர் இடைவேளைக்குள் அது எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுவார். நம் வட்டம் அவ்வளவு சின்னது!

எண்ணிக்கையை ‘50க்குக் கீழ்’ என்று கொடுங்கள். மாவட்டம் வேண்டாம், மாநிலம் போதும். ‘ஆறாம் ஆண்டில் இருந்த ஒரே மாணவி’ மாதிரி வரிகளை அடித்துவிடுங்கள். அப்புறம் படங்கள்: சட்டைப் பையில் இருக்கும் பள்ளிச் சின்னமே காட்டிக்கொடுத்துவிடும்.