சிறுவர் தையல் வகுப்புக்குப் பெரியவர்கள் பட்டியல் போடுவது எப்படி?

எங்கள் குடியிருப்பின் சங்க அறையில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது மெஷின், பாபின், கத்தரி, சாக்கட்டி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டேன். உடன் நிற்கும் பெரியவர்களுக்கு மட்டும் போடவில்லை. யாராவது வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் யாரும் வரவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளோடு நான் ஒருத்தி. ஒரு பையன் விரலில் ஊசி ஏறிவிட்டது. அவன் கையைப் பிடிப்பதா, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மெஷின்களைப் பார்ப்பதா? காயம் சின்னதுதான். ஆனால் அன்றிரவே உட்கார்ந்து விதிகளை எழுதினேன்.

1. இரண்டு பேர் வேண்டுமென்றால் மூன்று பேரைப் போடுங்கள்

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில், 21 வயது நிறைந்த, பதிவு செய்த பெரியவர்கள் இரண்டு பேராவது இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் நடத்தக் கூடாது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். ஆனால் பட்டியலில் இரண்டே பெயர் இருந்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்த அன்று விதி உடைந்துவிடும். விரலில் ஊசி ஏறிய பிள்ளையை ஒருவர் கிளினிக்குக் கூட்டிப்போனாலும் அதே கதைதான். அதனால் மூன்று பேர். பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நன்றாகத் தைக்கத் தெரிந்த பதினேழு வயது அக்காவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சட்டப்படி அவளும் குழந்தைதான்.

இரண்டு பேர் தேறாத வாரம் வகுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுங்கள்.

2. தெரிந்தவரிடமும் படிவம் வாங்குங்கள்

முகவரி, அடையாள அட்டை நகல், அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் தொலைபேசி எண். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனிநபர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம். "நம்ம பி பிளாக் அங்கிளைப் போய் போலீஸ்ல விசாரிக்கணுமா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அதற்கு நான் கண்ட வழி, முதல் படிவமாக என்னுடையதை நிரப்பிக் கோப்பில் வைத்ததுதான். அப்புறம் யாரும் முகம் சுளிக்கவில்லை.

3. ஆளுக்கு ஓர் இடம்

மூவரும் ஒரே மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தால் மூன்று பேர் இருந்தும் பயனில்லை. ஒருவர் மெஷின் பக்கம், ஒருவர் துணி வெட்டும் மேசையிலும் இஸ்திரிப் பெட்டியிலும், ஒருவர் வாசலும் வருகைப் பதிவும். பத்து வயதுக்குக் கீழே கைத்தையல் மட்டும்.

4. அளவெடுப்பது

தையல் வகுப்பில் மற்ற வகுப்புகளில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு: உடம்பில் டேப் வைக்க வேண்டும். விதியை இங்கேதான் நுணுக்கமாக எழுத வேண்டும். எங்கள் வகுப்பில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அளவெடுப்பதில்லை. நம் ஊர் டெய்லர்கள் அளவு ஜாக்கெட் கேட்பார்கள் இல்லையா, அதே வழிதான். நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறோம். அதை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்து, வந்ததை இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. சட்டையின் தளர்வும் அதிலேயே சேர்ந்துவிடும். தோள், கை நீளம் எல்லாமே அந்தச் சட்டையில்தான்.

கட்டாயம் உடம்பில்தான் எடுக்க வேண்டும் என்றால் அம்மாவோ அப்பாவோ வீட்டில் எடுத்து எழுதி அனுப்பட்டும். தைத்ததைப் போட்டுப் பார்ப்பதும் போட்டிருக்கும் உடைக்கு மேலேயேதான். அறையைச் சாத்திக்கொண்டு உடை மாற்றும் வேலையே வேண்டாம்.

5. வகுப்பு முடிந்த பிறகு

ஐந்தரைக்கு வகுப்பு முடியும். ஒரு பிள்ளையின் அம்மா பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருப்பார். "நீங்க கிளம்புங்க, அஞ்சு நிமிஷம் நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதுவும் வராண்டாவில். அந்த ஒருவர் மேல் நாளை யாராவது ஏதாவது சொன்னால், அவருக்கும் சாட்சி வேண்டுமே. யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்த பெயரில் இல்லாதவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதும் கூடாது. பெற்றோர் குழுவில் மட்டும் போடுங்கள்.

6. ஏதாவது தவறாகப் பட்டால்

"நமக்குள்ளேயே பேசித் தீத்துக்கலாம்" என்பதற்கு இங்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள். அவள் சொன்ன சொற்களையே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

7. பதிவேடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டும் வழக்கம் உண்டு. எங்களிடமும் அப்படியொரு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் உடைந்த ஊசிகள், எண்ணி வைத்த கத்தரிகள். வலது பக்கம் அன்று நின்ற பெரியவர்களின் பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கடைசி இரண்டு கையெழுத்திலும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.