மழைக்குப் பின் இரட்டைக்குழல் துப்பாக்கி: துருவை எடுப்பதும் அண்டவிடாமல் காப்பதும்

குடகில் ஜூன் மாதம் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை எளிதில் விடாது. மழை ஓயும் நேரத்தில், செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போல்து திருநாள் வரும். அன்று கொடவர்கள் வீட்டிலுள்ள துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்து, குழல் வாயில் செங்காந்தள் பூவைச் செருகிப் பூசை செய்வார்கள். பக்தியை ஒருபுறம் வைத்தாலும் இது நல்ல ஏற்பாடு. மாதக்கணக்கில் ஈரம் குடித்த இரும்பைப் பரிசோதிக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் ‘வேட்டைத் துப்பாக்கி’யில் வேட்டை என்பது பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் காப்பித் தோட்ட வீடுகளில் தாத்தா காலத்து 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. கீழே சொல்வது அவற்றுக்கானது.

முதல் படி: காலி என்று உறுதி செய்யுங்கள்

நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல்களின் பின்முனையில் தோட்டா அமரும் இரண்டு அறைகளையும் கண்ணால் பாருங்கள். பிறகு விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வைத்துப் பூட்டுங்கள். அடுத்து குழல்களுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியே வந்துவிடும். அதற்கு மேல் திருப்புளியை எடுக்க வேண்டாம். விசைப் பகுதியைப் பிரிப்பது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

இரண்டாம் படி: என்ன துரு என்று பாருங்கள்

குழலின் கருநீலப் பூச்சு பெயின்ட் அல்ல. அதுவும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். சிவப்புத் துரு பொருபொருவென்று உதிர்ந்து மேலும் ஈரத்தை இழுக்கும். கறுப்பு ஆக்சைடு இரும்போடு ஒட்டி நின்று ஓரளவு காக்கும். நம் வேலை சிவப்பை மட்டும் எடுத்துக் கறுப்பை விட்டுவைப்பது. இதை மனத்தில் வைத்தால், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் அமிலத் துரு நீக்கி எதுவும் வேண்டாம். பித்தளை விளக்குக்குப் புளி சரி. இங்கே அமிலத்துக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் தின்றுவிட்டு வெள்ளை இரும்பை மிச்சம் வைக்கும். உப்புத்தாளும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் அதே கேட்டைத்தான் செய்யும்.

விரலால் தடவினால் தூளாக வருவது மேல்துரு. நகத்தில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் சற்று ஆழமானது. துருவை எடுத்த பிறகும் அம்மைத் தழும்பு போலக் குழி தெரிந்தால் அங்கே இரும்பே போய்விட்டது. தேய்த்து அதை மீட்க முடியாது. குழலின் உட்புறத்தில், அதிலும் தோட்டா அமரும் அறைக்கு அருகில், அப்படிக் குழி கண்டால் சுடாதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டி, குழல் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எண்ணெயில் ஊறவிடுங்கள்

துப்பாக்கி எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தையல் இயந்திர எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மலைக்குளிரில் உறைந்துபோகும். மற்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசின்போல இறுகும். துருப்பட்ட இடம் முழுவதும் எண்ணெய் தடவி ஓர் இரவு விடுங்கள். பொறுமையில்லாதவர்கள் குழலைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

நான்காம் படி: தேய்த்தல்

0000 என்று எண்ணிட்ட மிக நுண்ணிய ஸ்டீல் வுல்லை வாங்குங்கள். அதைவிடக் கரடான ரகம் வேண்டாம். சிறு துண்டைக் கிள்ளி எண்ணெயில் நனைத்து, இரண்டு விரல் நுனிகளால், குழலின் நீளவாக்கில், மெல்லத் தேயுங்கள். அழுத்தம் உங்கள் கண்ணாடியைத் துடைக்கும் அளவுக்கு மேல் போகக்கூடாது. சற்று நேரத்தில் எண்ணெய் காவி நிறமாகும். உடனே பழந்துணியால் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள்; இல்லையென்றால் உதிர்ந்த துருத்தூளே தேய்ப்புத்தூளாகிப் பூச்சை அரிக்கும். துணியில் காவிக்குப் பதில் கருமை படியத் தொடங்கினால் நிறுத்துங்கள். பூச்சு கரைகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி.

விடாப்பிடியான புள்ளிகளுக்குப் பழைய செப்புக் காசு நல்ல கருவி. செம்பு எஃகைவிட மென்மையானது. துருவைச் சுரண்டும், இரும்பைக் கீறாது. எண்ணெய் விட்டு, காசின் விளிம்பால் சுரண்டுங்கள். முலாம் பூசிய புதுக் காசுகள் உதவாது.

இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஓரத்தைத் தனியாகப் பாருங்கள். ஈரம் அந்த இடுக்கில்தான் ஒளியும். எண்ணெய் தோய்த்த பழைய பல் துலக்கியால் அதை எடுக்கலாம்.

குழலின் உட்புறத்துக்கு 12 போருக்கான வெண்கலத் தூரிகையும் கம்பியும் தேவை. எண்ணெய் தடவி, அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளுங்கள். பிறகு துணித்துண்டுகளைச் செலுத்துங்கள், வெள்ளையாக வரும் வரை.

பூச்சு போன இடத்துக்கு மறுபூச்சு போட ஆசை வரும். யாரிடம் கொடுத்தாலும் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கும் முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய இரட்டைக்குழல்களில் பட்டை ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. காரம் அந்தப் பற்றை அரித்துவிடும். வேண்டுமென்றே மெல்லிய துரு ஏற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்து அதைக் கறுப்பாக்கும் பழைய முறைதான் இவற்றுக்குப் பொருந்தும். அது தேர்ந்த கைக்குரிய வேலை.

இனி வராமல் காக்க

வியர்வையில் உப்பு இருக்கிறது. யார் தொட்டாலும், விருந்தாளி ஆசையாகத் தடவிப் பார்த்தாலும், வைக்கும் முன் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடையுங்கள். படலம் மெல்லியதாக இருந்தால் போதும். டபிள்யூ.டி.-40 என்னும் தெளிப்பான் நனைந்த குழலின் நீரை விரட்ட உதவும்; நெடுநாள் காப்புக்கு அதை நம்ப வேண்டாம். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் வெளிப்புறத்துக்கு மெழுகு நல்லது. அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரெனசான்ஸ் மெழுகு 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவானது. விலை அதிகம், ஆனால் ஒரு டப்பா பல ஆண்டுகளுக்கு வரும்.

தோலுறை பயணத்துக்கு மட்டும். தோலும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு அணைத்து வைத்துக்கொள்ளும். பூட்டிய இரும்பு அலமாரியில், உறையில்லாமல், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போது வழியும் எண்ணெய் பின்கட்டையில் இறங்கி மரத்தை ஊறவைக்காது. அலமாரிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். குளிரிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவரும்போது குழல் வியர்க்கும். அது அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, துடைத்த பிறகே பூட்டுங்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் யாரும் அதைத் துடைக்கப்போவதில்லை. கொடுப்பதற்கு முன் வெளியே மெழுகும் குழலுக்குள் மெல்லிய கிரீஸும் பூசிவிடுங்கள். திரும்பப் பெற்றதும் அந்தக் கிரீஸை முழுவதும் எடுத்தாக வேண்டும். குழலில் அடைப்பு இருக்கச் சுட்டால் குழல் வெடிக்கும். இரு குழல்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்குங்கள். குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.