மழை எச்சரிக்கையைப் படிப்பது எப்படி?

வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அலர்ட் என்றதும் எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்றுதான் கேட்கிறோம். நிறம் சொல்வது நாம் செய்ய வேண்டியதை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படுங்கள்.

அளவு, மழைக்கு முன்னால் வரும் 'கன', 'மிக கன' போன்ற அடைமொழியில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை; 204.4 வரை மிக கனமழை. அதைத் தாண்டினால் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது. அதி கனமழைக்கு மேல் வரம்பே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தாலே சுமார் 18,600 லிட்டர் தண்ணீர். வடிகுழாய் வாயில் இலை அடைத்திருந்தால் அது வீட்டுக்குள்தான் இறங்கும். மஞ்சள் அலர்ட் வந்த அன்றே குழாய் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அடுத்து இடம். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஓரிரு இடம்தானே என்று அசட்டையாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. அந்த ஓரிடம் உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

எந்த ஊர் என்று முந்தைய நாளே சொல்ல முடியாதா? 2024-இல் ஒன்றிய அரசு வானிலைக் கணிப்பை மேம்படுத்த ரூ.2,000 கோடியில் 'மிஷன் மௌசம்' திட்டத்தை அறிவித்தது. கூடுதல் ரேடார்கள் அதில் முக்கியம். 2025 மே மாதம் வந்த 'பாரத்' முன்கணிப்பு முறை 6 கி.மீ. கட்டங்களாகக் கணிக்கிறது, முன்பு 12. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் தெருவளவுக்கு இது போதாது.

அதனால் மழை நாளில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும் வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியில் பாருங்கள். ஒரே படம் போதாது. அரை மணி இடைவெளியில் இரண்டைப் பார்த்தால்தான் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும். படத்தின் நேரம் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். செயலி சில நேரம் பழைய படத்தையே காட்டும்.

ஆரஞ்சுக்கு: பவர் பேங்க் சார்ஜ், குடிநீர், மருந்து, பிளாஸ்டிக் பையில் ஆவணங்கள், வண்டி மேட்டில். சிவப்பு வந்தால் தாழ்வான பகுதியினர் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். இருட்டில் சாலையின் பள்ளம் தெரியாது. கிளம்பும் முன் மெயினை அணையுங்கள். உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.