சம்ப் நீர்மட்டம் பாதியில் 'அன்நோன்' ஆனது: என் அனுபவம்

வீட்டுச் சம்ப்பின் நீர்மட்டத்தைப் பார்க்க நான் வைத்திருப்பது: ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார், அதை இணைக்கும் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு, போர்டில் ஓடும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள், அளவைத் திரையில் காட்டும் ஹோம் அசிஸ்டென்ட். சம்ப் ஆழம் 2.6 மீட்டர். நிரம்பியிருந்தால் மட்டம் சரியாக வரும். மோட்டார் ஓடித் தண்ணீர் இறங்க இறங்க, திரையில் அளவுக்குப் பதில் 'அன்நோன்' (தெரியவில்லை).

ரூட்டரை நகர்த்திப் பார்த்தேன், வீண். அடாப்டரை மாற்றியதும் வீண். சென்சாரின் எக்கோ பின்னில் (எதிரொலி சிக்னல் வரும் முனை) 5 வோல்ட் வருவதால் 1கே, 2கே ரெசிஸ்டர் போட்டு 3.3 வோல்ட்டாகக் குறைத்தேன். போர்டு பிழைக்க அது வேண்டியதுதான், ஆனால் இந்தக் கோளாறுக்குச் சம்பந்தமில்லை.

பலர் கவனிக்காத இடம் இதுதான்: வைஃபை போனால் 'அன்அவைலபிள்' (தொடர்பில் இல்லை) என்றுதான் காட்டும். 'அன்நோன்' என்றால் போர்டு இணைப்பில் இருக்கிறது, அளவுதான் கிடைக்கவில்லை. லாகை (போர்டின் பதிவுக் குறிப்புகளை) திறந்தால், டைம்அவுட், அதாவது எதிரொலிக்குக் காத்திருக்கும் வரம்பு தாண்டியது என்ற வரி. ஈஎஸ்பிஹோமில் இந்த சென்சாருக்கு டைம்அவுட் இயல்பாகவே 2 மீட்டர் (ஆமாம், மீட்டரில்தான் எழுதுகிறார்கள்). தண்ணீர் அதற்கும் கீழே போனால் எதிரொலி திரும்பும்வரை காத்திருக்காது.

ஈஎஸ்பிஹோம் அமைப்புகளை எழுதும் யாமல் ஃபைலில் அதை 4 மீட்டராக்கி, போர்டில் மறுபடி ஏற்றியதும் தரைவரை அளவு வந்தது. அப்பாடா!

பொருத்தும்போது, நிரம்பும் கோட்டுக்கு 25 செ.மீ. மேலே வையுங்கள், அதைவிடக் கிட்டத்தில் தண்ணீர் வந்தால் சென்சார் கண்டபடி காட்டும்.