ஐவியை அடியில் வெட்டுங்கள், சைப்ரஸை நுனியில் வெட்டுங்கள்: மலைத்தோட்டத்துக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஏற்காட்டில் சில வருடங்கள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் தோட்டத்தில் இரண்டு காட்சிகளை எதிர்பார்க்கலாம். ஒன்று, சுவரையும் பக்கத்துச் சில்வர் ஓக்கையும் மூடி ஏறியிருக்கும் ஐவிக் கொடி. இன்னொன்று, கூரையைத் தாண்டி வளர்ந்து ஜன்னல் வெளிச்சத்தை அடைத்து நிற்கும் சைப்ரஸ் அல்லது துஜா. வேலைக்கு வருகிறவர் ஐவியின் மேல் இலைகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்துவார். சைப்ரஸை அரிவாளால் பாதிக்கு மேல் கழித்துவிடுவார். ஆறு மாதத்தில் ஐவி பழையபடி ஏறிவிடும். சைப்ரஸ் மட்டும் வெட்டுப்பட்ட இடத்தில் பழுப்பாகவே நிற்கும்.

இரண்டின் இயல்பும் நேர் எதிர். ஐவியை எங்கே வெட்டினாலும் அடுத்த கணுவிலிருந்து துளிர்க்கும். சைப்ரஸ், துஜா போன்ற ஊசியிலை மரங்களில் இலை உதிர்ந்த பழைய கட்டையில் மறுபடி துளிர் வராது. முருங்கையை ஒடித்து வளர்க்கலாம். துஜாவை ஒடித்தால் ஒடித்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது என்ன?

கொடியிலிருந்து தொடங்குவோம். சேலம் நகரத்தில் அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சிப் பக்கம் சுவர்களில் ஒட்டியிருப்பதை 'ஐவி' என்று சொன்னாலும் பெரும்பாலும் அது ஐவி இல்லை. சமவெளி வெயிலில் உண்மையான ஐவி செழிப்பதில்லை. ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் அது ஆலமர இனத்தைச் சேர்ந்த சுவர்க்கொடி. மூன்று சிறு கொக்கிகள் பூனை நகம் போல வளைந்திருந்து, மஞ்சள் பூ பூத்தால் அது பூனைநகக் கொடி; அதற்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு, கிழங்கைத் தோண்டி எடுக்காமல் ஒழியாது. மரத்தில் ஏறி முறம் அளவு இலை விட்டிருந்தால் அது மணிபிளாண்ட். உண்மையான ஐவிக்கு மூன்று முதல் ஐந்து முனை கொண்ட, தோல் போன்ற கரும்பச்சை இலை. தண்டின் ஒரு பக்கம் முழுக்க மயிர் போன்ற ஒட்டுவேர்கள். வெட்டும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பூனைநகக் கொடியின் கிழங்கு வேலை மட்டும் கூடுதல்.

மரங்களில் குழப்பம் இன்னும் அதிகம். சவுக்கு பார்க்க ஊசியிலை மரம் மாதிரி இருக்கும், ஆனால் அந்த இனமே வேறு, கத்தரிப்பைத் தாங்கும். சில்வர் ஓக்கும் அப்படியே, காபித் தோட்டங்களில் அடிக்கடி கிளை கழித்தாலும் மறுபடி தழைக்கும். கவனமாகக் கையாள வேண்டியவை மூன்று: விசிறி போலத் தட்டையான இலைக்கொத்து கொண்ட துஜா, உருண்டைக் காய் காய்க்கும் சைப்ரஸ், அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' எனப்படும் அரக்கேரியா.

எப்போது வெட்டுவது?

ஏற்காட்டில் பெரிய வெட்டுக்குத் தை பிற்பகுதியும் மாசியும் ஏற்றவை. மழையும் பனிமூட்டமும் குறைந்திருக்கும், வெட்டுக்காயம் காயும். காபிப் பழம் பறிக்கும் நேரம் முடிகிற வரை ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சேலம் சமவெளியில் மாசியில் வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த உள் இலைகள் பங்குனி வெயிலில் கருகிவிடும். அங்கே ஆடி வரை பொறுப்பது நல்லது. நுனி மட்டும் கிள்ளும் லேசான கத்தரிப்பை ஜூன், ஜூலையில் இரண்டு இடங்களிலும் செய்யலாம். தொடர்மழையில் எதையும் வெட்டாதீர்கள்.

கையில் வேண்டியவை: கவாத்துக் கத்தரி, நீளக் கைப்பிடிக் கத்தரி, மடக்கு ரம்பம், தட்டை ஸ்க்ரூ டிரைவர், கனமான கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம். அரிவாள் வேண்டாம். அரிவாள் வெட்டு பட்டையைக் கிழிக்கும். கிழிந்த பட்டைக்குள் நீர் இறங்கி அழுகும். ஐவிச் சாறு சிலருக்குத் தோலில் கொப்புளமும் அரிப்பும் தரும், காய்ந்த இலைத் தூசி தொண்டையைக் கமறும். அதனால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

ஒன்று: ஐவி

கை வைப்பதற்கு முன் ஒரு நீளக் கம்பால் கொடிப் புதரை நன்றாகத் தட்டிவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். சேர்வராயன் மலையில் பச்சை நிறக் குழிவிரியன் உண்டு. இலைக்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. கதண்டுக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சிகள் ஒரே இடத்தில் போய்வந்துகொண்டிருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

மரத்தில் ஏறிய ஐவி: கணுக்கால் உயரத்தில் ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று என எல்லாத் தண்டுகளையும் வெட்டி, இடைப்பட்ட இரண்டடி முதல் மூன்றடிக் கொடியைச் சுத்தமாக எடுக்க வேண்டும். தண்டு மரத்தோடு ஒட்டியிருக்கும்போது ரம்பம் போட்டால் மரத்தின் பட்டையும் அறுபடும். ஸ்க்ரூ டிரைவரைத் தண்டுக்கு அடியில் செருகி நெம்பி, விரல் நுழையும் அளவு இடைவெளி வந்த பிறகு வெட்டுங்கள். பழைய கொடியில் தண்டுகள் மணிக்கட்டுப் பருமனுக்கு வந்து ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். வெளித்தண்டை எடுத்தால் உள்ளே இன்னொன்று இருக்கும். மரத்தின் பின்பக்கமும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

வெட்டிய பத்தாம் நாள் அண்ணாந்து பாருங்கள். எல்லா இலையும் வாடியிருக்க, ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் அந்த வரிசையில் ஒரு தண்டு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். மேலிருந்து அந்தத் தண்டைக் கண்ணால் தொடர்ந்து கீழே வந்தால் இடம் கிடைக்கும். வெயில் காலத்தில் மூன்று முதல் ஆறு வாரத்தில் மேல்பகுதி காய்ந்துவிடும், பனிமூட்டக் காலத்தில் இன்னும் தாமதமாகும். மணிபிளாண்ட் மட்டும் பட்டை இடுக்கில் விட்ட வேர்களை வைத்துக்கொண்டு வெட்டிய பின்னும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். காய்ந்ததை இழுக்காதீர்கள்; அதோடு பட்டுப்போன கிளையும் தலையில் விழும். தானாக உதிரட்டும்.

தரையில் படர்ந்தது: நல்ல மழைக்கு மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும்போது ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். வேர்கள் மேலோட்டமாகத்தான் இருக்கும். மரத்தைச் சுற்றி மூன்றடிக்குக் கொடியே இருக்கக் கூடாது. சரிவான இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. மண்ணை அந்தக் கொடிதான் பிடித்திருக்கும். மொத்தமாக உரித்துவிட்டு மழையை எதிர்கொண்டால் மண் கீழே போய்விடும். மூன்றடிப் பட்டைகளாக, ஒன்று விட்டு ஒன்று எடுத்து, எடுத்த இடத்தில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் நாற்றுகளை அரையடி இடைவெளியில் நட்டு, அது பிடித்த பிறகு மீதியை எடுங்கள்.

சுவரில் ஏறியது: பச்சையாக இருக்கும்போது பிய்த்தால் பெயின்ட்டும் பூச்சும் சேர்ந்து வரும். அடியில் வெட்டிவிட்டு மூன்று, நான்கு வாரம் பொறுத்து, மேலிருந்து கீழாக ஓரடி அகலத்துக்கு உரியுங்கள். சுவரில் ஒட்டுவேர்களின் பழுப்புக் கோடுகள் மிஞ்சும். சிமெண்டுப் பூச்சாக இருந்தால் நனைத்துவிட்டுக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்க்கலாம். பழைய பங்களாக்களின் கல்லும் சுண்ணாம்புக் காரையுமான சுவரில் கம்பி பிரஷ் போடவே கூடாது, காரை உதிர்ந்துவிடும். கல் இடுக்குக்குள் நுழைந்த தண்டைப் பிடுங்காமல் சுவர் மட்டத்துக்கு வெட்டி விடுங்கள். பிடுங்கினால் கல்லே ஆடும். அடிக்கட்டையில் வரும் துளிரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிள்ளி வந்தால் ஓராண்டில் வேர் ஓய்ந்துவிடும். களைக்கொல்லி தேவையில்லை, ஐவி இலையின் மெழுகுப் பூச்சில் மருந்து வழிந்துவிடுகிறது.

கொடி அழகுக்காக வேண்டும் என்கிறவர்கள் ஓட்டுக்கு இரண்டடி கீழே எல்லை போட்டு, வருடத்துக்கு மூன்று முறை அதற்கு மேல் போவதை வெட்டுங்கள். ஓட்டு இடுக்கில் நுழைந்த தண்டு பருத்து ஓட்டையே தூக்கிவிடும், எலிக்கும் அதுவே ஏணி.

இரண்டு: சைப்ரஸ், துஜா

ஒரு கிளையை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். வெளியே ஓரிரு சாண் அளவுக்குப் பச்சை. அதற்கு உள்ளே இலை உதிர்ந்து, தொட்டால் பொடியாகும் பழுப்புக் குச்சிகள். பச்சை முடிந்து பழுப்பு தொடங்கும் அந்த எல்லைதான் லட்சுமணக் கோடு. எங்கே வெட்டினாலும் வெட்டுக்குப் பின்னால் பச்சைத் துளிர் மிஞ்ச வேண்டும். உதாரணமாக, ஒரு கிளையில் 30 செ.மீ. பச்சை இருந்தால் நுனியிலிருந்து 10 செ.மீ. வரை, ஒரு சிறு பக்கத்துளிருக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தத் துளிர் வளர்ந்து வெட்டுவாயை மறைத்துவிடும். ஒரு வருடத்தில் மொத்தப் பச்சையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பெருத்த மரத்தைச் சிறிதாக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

வேலியாக நட்டிருந்தால் அடி அகலமாகவும் மேல் ஒடுக்கமாகவும் வெட்டுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ளே சாய்ந்தால் போதும். நேர் எதிராக, மேலே தடித்துவிட்டால் அடிக்கு வெயில் கிடைக்காமல் கீழ்க்கிளைகள் காய்ந்து ஓட்டை விழும்.

ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால்? அந்த இடம் துளிர்க்காது. பக்கத்துப் பச்சைக் கிளைகளை இழுத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள்; இரண்டு வருடத்தில் மூடும். அடியே மொட்டையாகிவிட்ட துஜாவுக்கு எங்கள் பரிந்துரை வேறு: மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை கீழ்க்கிளைகளை முழுதாக எடுத்து, அதைச் சிறு மரமாக மாற்றிவிடுங்கள். அடியில் வெளிச்சம் வரும், பெரணியோ பால்சமோ நடலாம். ஐவி மூடியிருந்த சைப்ரஸிலும் இதே நிலைதான். கொடியை எடுத்ததும் உள்ளே பழுப்புத் திட்டுகள் தெரியும். அது நிழலால் வந்த சேதம். ஆகவே ஐவியை முதலில் வெட்டி, அது காய்ந்து எது பச்சை எது பட்டது என்று தெரிந்த பிறகே மரத்தில் கை வையுங்கள்.

மணிக்கட்டை விடப் பருத்த கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்கு 5 செ.மீ. வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். கடைசியாக மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள மடிப்பு வீக்கத்துக்குச் சற்று வெளியே எடுங்கள். அந்த வீக்கத்தை வெட்டக் கூடாது, காயத்தை மூடுவது அதுதான்.

சின்ன வெட்டுகளைப் பிசினே அடைத்துவிடும். 5 செ.மீ.க்கு மேல் அகலமான வெட்டுக்குப் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, பிறகு கலக்குங்கள். இரும்பு வாளி ஆகாது. கலந்ததும் ஒரு பழைய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறப் படிவு ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. சிறிது சேர்த்து, படிவு நிற்கும் வரை மறுபடி பாருங்கள். கலந்த அன்றே பூசி முடித்துவிட வேண்டும்.

உயர மரங்களுக்கு ஆள் வைக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். மலையில் மரமேறுகிறவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆனால் அவர்கள் கை பழகியது சில்வர் ஓக் நிழல் கவாத்துக்கு. பக்கக் கிளைகளையெல்லாம் கழித்து உச்சியில் ஒரு கொத்து மட்டும் விடுவார்கள். சைப்ரஸில் அப்படிச் செய்தால் மிஞ்சுவது ஒரு கம்பம். எந்தெந்தக் கிளை என்று முந்தின நாளே சுண்ணாம்பால் குறியிட்டுக் காட்டுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும்.

அரக்கேரியாவின் உச்சியை வெட்டாதீர்கள். அந்த அடுக்கு வடிவம் போய்விடும், வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று உச்சிகள் போட்டியிட்டு எழும்பும். வீட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டோம் என்றால் குள்ளமாக்க வழியில்லை. கீழ் அடுக்குகளை எடுத்து உயர்த்தலாம், அல்லது முழு மரத்தையும் எடுக்க வேண்டும். மலைப்பகுதியில் மரங்களைப் பாதுகாக்க 1955-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. முழு மரத்தை வெட்டும் எண்ணம் இருந்தால் ரம்பத்தை எடுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்.

வெட்டிய பிறகும் பழுப்பு பரவினால்

எல்லாப் பழுப்பும் கத்தரியால் வந்ததல்ல. பழுப்பாகும் கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, கிளையை நாலு தட்டு தட்டுங்கள். தாளில் விழுந்த மிளகாய்த்தூள் போன்ற புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் சிலந்திப் பேன். வாரம் இருமுறை காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக உட்பக்கம் பீய்ச்சினால் குறையும். கிளையில் சிறு குச்சிகளால் பின்னிய பை தொங்கினால் அது காய் அல்ல, உள்ளே இருந்து இலை தின்னும் பைப்புழு. கையால் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தண்டில் பிசின் ஒழுகி அதற்கு மேல் கிளை காய்ந்தால் பூஞ்சாண நோய். நோய்ப்பட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

வெட்டிப் போட்டதை என்ன செய்வது?

ஐவித் துண்டுகளை ஓடையிலோ காபித் தோட்ட ஓரத்திலோ கொட்டாதீர்கள். ஒரு கணு மண்ணைத் தொட்டால் வேர் விடும். சிமெண்டுத் தரையில் பரப்பி, கறுப்பு பாலித்தீன் போட்டு மூன்று வாரம் மூடுங்கள். மடக்கினால் மொறுமொறுவென ஒடிந்த பிறகு உரக்குழியில் சேர்க்கலாம். சைப்ரஸ் தழையைப் பொடியாக வெட்டி நடைபாதையில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் களை குறையும். மாட்டுக்குப் போட வேண்டாம், முக்கியமாகச் சினைமாட்டுக்கு. சில வகைச் சைப்ரஸ் இலை கருவைக் கலைத்துவிடும். மாசி, பங்குனியில் தோட்டத்தில் வைத்துக் கொளுத்தவும் வேண்டாம். பிசினேறிய தழை குப்பென்று எரியும். அந்த மாதங்களில் மலையில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி பறந்தால் போதும்.