சளியின் நிறத்தை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள்

கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பியதும் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். மருந்துக்கடையில் நான் நின்ற 26 வருடமும் அந்த மாதத்தில் ஒரே கோரிக்கைதான்: "அண்ணை, பிள்ளைக்குச் சளி பச்சையாக வருகிறது. டொக்டரின் துண்டு இல்லை. அமொக்சிசிலின் பாணி ஒரு போத்தல் தாருங்கள்."

பச்சை நிறம் வெள்ளையணுக்களிலுள்ள ஒரு நொதியத்தின் நிறம். வைரஸ் தடிமனிலும் அது வரும். வைரசை அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யாது, வயிற்றோட்டம்தான் மிச்சம்.

பார்க்க வேண்டியது மூச்சு. பிள்ளை தூங்கும்போது, அல்லது அழாமல் மடியில் இருக்கும்போது, சட்டையை உயர்த்துங்கள். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் கெட்டித்தனம் வேண்டாம், சிறுபிள்ளைகளின் மூச்சு சீராக ஓடாது. கோணேசர் மலை ஏறி வந்த கையோடு எண்ணினால் எனக்கும் கூடத்தான் இருக்கும்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த அளவை எட்டினால் அன்றே டொக்டரிடம் போங்கள். நியூமோனியாவா, முட்டு இழுப்பா என்று பிரித்தறிவது அவர் வேலை. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ, நேரே ஆஸ்பத்திரிதான்.

மூச்சு அந்த அளவுக்குக் குறைவாக இருந்தால் பொறுங்கள். தடிமன் 7 முதல் 10 நாள், இருமல் 3 வாரம்கூட இழுக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், 1 கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இது டெங்குக் காலம், ஆகவே அஸ்பிரினும் இபுபுரூபனும் தொடாதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு வயது கடந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். கொத்தமல்லி அவித்த நீரை நான் இன்றும் குடிக்கிறேன், சூடு தொண்டைக்கு இதம்.

டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதினால் சொன்ன நாள்வரை கொடுங்கள். போத்தலிலுள்ள தூளைக் குலுக்கி உதிர்த்து, கொதித்தாறிய நீரைக் கோடுவரை விட்டு, கலந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். மிஞ்சியதை வைக்க வேண்டாம். என் மூத்தவனுக்கு ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பழைய பாணியை நானே ஊற்றிக் கொடுத்தேன், மருந்தாளர் என்ற தைரியத்தில். கலந்து எத்தனை நாள் என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.