முள் ஆடினால் பம்ப் போச்சு என்று அர்த்தமில்லை

சங்ககிரி, நாமக்கல் பக்கப் பட்டறைகளில் புதிதாகத் தொழில் பழகும் பையன்களைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்துதான், ஆள் மட்டும் வேறு. லாரிக்கு டீசல் பிரஷர் கேஜ் கம்பெனியிலேயே வருவது அபூர்வம், ஓனர் ஆசைப்பட்டு வாங்கி மாட்டுவதுதான் அதிகம். அந்த முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும்போது எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். ஃபில்டர் அடைப்பு, டேங்கில் டீசல் இல்லாதது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுவோம்.

கேஜ் பேச்சைக் கேட்டு பம்பைக் கழற்றுவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையாக டீசலைத் தள்ளும் பழைய வகை) வைத்த பழைய டாரஸ் லாரி ஒன்று. ராத்திரியில் சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது முள் பூஜ்யத்துக்கு விழுகிறது, பகலில் ஒன்றும் இல்லை என்று டிரைவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பையன் அதைக் காதில் வாங்காமல் "பம்ப் போச்சுண்ணே" என்று கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பிவிட்டான். அங்கே பெஞ்சில் ஏற்றிப் பார்த்து, பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை, கழற்றியதுதான் கழற்றினீர்கள் சர்வீஸ் பண்ணிவிடலாம் என்றார்கள். சர்வீஸ் கூலி, மறுபடி மாட்டி டைமிங் வைத்த கூலி, வண்டி நின்ற நாளுக்கு வாடகை நஷ்டம், எல்லாம் ஓனர் தலையில். அடுத்த லோடு, அதே கணவாய், அதே பூஜ்யம்.

கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: முள் விழுந்தபோது இழுவை குறைந்ததா? லோடோடு மேடு ஏறும்போது ஃபீட் பிரஷர், அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுத்து பம்புக்குத் தரும் ஃபீட் பம்பின் அழுத்தம், நிஜமாகவே பூஜ்யம் ஆனால் எஞ்சின் திணறும், டிரைவர் கியரை இறக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். இந்த வண்டியோ எப்போதும் போலத்தான் ஏறியிருக்கிறது. அப்புறம் ராத்திரி மட்டும் ஏன்? ஹெட்லைட்.

கேஜின் எர்த் ஒயரை டேஷ்போர்டுக்குப் பின்னால் பெயின்ட் மேலேயே ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள், விளக்குகளின் எர்த்தும் அதே போல்ட்டில். சென்சாருக்கு மட்டும் எஞ்சினில் நல்ல எர்த். விளக்கு எரிந்ததும் அந்தக் கரண்ட் முழுக்க மோசமான போல்ட் வழியாகத் திரும்ப, கேஜின் எர்த் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் மேலே ஏறி நின்றது. மூன்று ஒயர் சென்சாரில் பலவும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல் தருபவை. 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) சென்சார் என்றால் ஒரு பாருக்கு 0.6 வோல்ட்டுக்கும் குறைவு. இன்லைன் பம்ப் வண்டியில் இருப்பதே ஒன்றரை பார் சுமார்தான், ஒரு வோல்ட் அடிபட்டால் முள் விழாமல் என்ன செய்யும்?

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், சிவப்பு முனையை கேஜின் எர்த் டெர்மினலில். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் போடுங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். இண்டிகேட்டர் துடிப்புக்கு முள்ளும் சேர்ந்து துடித்தால் மீட்டரே வேண்டாம், விஷயம் அங்கேயே முடிந்தது. எர்த் சரி என்றால், ஃபில்டருக்குப் பின்னால் பேன்ஜோ போல்ட்டில் (டீசல் பைப்பைப் பிடிக்கும் துளை வைத்த போல்ட்) ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் மட்டும் ஸ்பேனரை எடுங்கள், அதுவும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங்கைப் பார்த்த பிறகு.

ஏர் இழுப்பதை ஈரத்தை வைத்துத் தேடுவது

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. எஞ்சின் ஓடும்போது அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் இளநீர் சிந்துவதில்லையே, அப்படி. வெளியே துடைத்து வைத்த மாதிரி காய்ந்திருக்கிறது, லீக் இல்லை என்று கையை உதறிவிடுகிறார்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் உள்ளே தெரியும் கண்ணாடி மாதிரி ஹோஸ் போட்டு ஓட்டுங்கள், குமிழி கண்ணில் தெரியும். முக்கால்வாசி பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டதாக இருக்கும்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் பிரஷர் இறங்குகிறது, டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று இழுக்கிறது என்றால் பிரீத்தர் (டேங்குக்குள் காற்று போகும் வழி) அடைப்பு. வேறெங்கும் தேட வேண்டாம்.

ஐடிலில் முள் நடுங்குவது

பிஸ்டன் வகை ஃபீட் பம்ப் டீசலை விட்டுவிட்டுத்தான் தள்ளும், அதனால் முள் நடுங்கும். கேஜுக்கு முன்னால் சின்னத் துளை வைத்த டேம்பர் போடுங்கள். அது இல்லாமல் விட்டால் சென்சாரே சீக்கிரம் போய்விடும்.

ஒற்றை ஒயர் சென்சாரில் டெஃப்லான் டேப்

மரைதான் அதற்கு எர்த். டேப்பைச் சுற்றி அந்தத் தொடர்பைக் கெடுத்துவிட்டு முள்ளைத் திட்டாதீர்கள்.

24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்

ஒரு பேட்டரி இறங்கும், இன்னொன்று கொதிக்கும். 24 வோல்ட் கேஜ் வாங்குங்கள்.

டீசல் பைப்பைக் கேபினுக்குள் கொண்டுவந்து கேஜ் மாட்டுவது

கூடவே கூடாது.

காமன் ரெயிலில் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது

காமன் ரெயில் என்பது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு. இன்லைன் பம்பில் பழகிய கை, இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கத்தான் போகும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி ஒன்றில் எஞ்சின் ஓட ஓட அதைச் செய்ய ஒருவன் ஸ்பேனரை வைத்துவிட்டான், பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் போகும். கையுறையையும் தோலையும் துளைத்துவிடும், வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். ரெயில் பிரஷர் வேண்டுமா, ஸ்கேனரில் எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட பிரஷரையும் கிடைத்த பிரஷரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.